செம்புத் தலையும் கன்னத்துக் குழியும்

ஒரு பெயர், இரண்டு தீர்ப்புகள்

பினாங்குத் தீவின் மேற்குப் புறத்தில், ஜார்ஜ் டவுனின் சந்தடி எட்டாதபடி நடுவே மலைத்தொடர் மறித்து நிற்க, டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் சரிவுகளுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே அமைந்திருக்கும் பாலிக் புலாவ் வட்டாரத்தில், தோட்டம் வைத்திருப்போர் பலருக்கும் எழக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. சாக்குகள் அடுக்கிய கொட்டகையிலோ, எலிவளை நிறைந்த வரப்பிலோ, செம்பு நிறத் தலையுடைய நீண்ட பாம்பொன்று தென்படுகிறது. கோலை ஓங்கினால் கழுத்தை உப்பி, வாயைப் பிளந்து சீறுகிறது. வீட்டுப் பெரியவர், "அது எலி தின்கிற பாம்பு, அதன் வழியில் போகட்டும்" என்கிறார். பேரனோ கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லை தாத்தா, இதற்குக் காப்பர்ஹெட் என்று பெயர், விஷப்பாம்பு என்று போட்டிருக்கிறது" என்கிறான்.

இருவரும் பொய் சொல்லவில்லை. காப்பர்ஹெட், அதாவது செம்புத்தலையன், என்னும் பெயரை உலகில் குறைந்தது மூன்று வெவ்வேறு சர்ப்ப வம்சங்கள் தாங்கி நிற்கின்றன. பேரன் படித்தது பத்தாயிரம் மைலுக்கு அப்பால் வாழும் ஒன்றைப் பற்றி. பெரியவர் சொன்னது கண்முன் நிற்கும் மற்றொன்றைப் பற்றி. ஆனால் விஷயம் இத்துடன் முடிந்துவிடுமானால் அதற்கென ஓர் அத்தியாயம் வேண்டியதில்லை. பேரன் அஞ்சிய அந்த அமெரிக்கப் பாம்பின் உறவென்று விஞ்ஞானிகளே நெடுங்காலம் கருதிய ஒரு பாம்பு இதே பினாங்குப் பிரதேசத்தில் வாழ்கிறது. அதன் தலை செம்பு நிறமன்று. அதை எவரும் செம்புத்தலையன் என்று அழைப்பதுமில்லை.

கொட்டகையில் சீறும் பாம்பு

முதலில் கொட்டகைப் பாம்பையே பார்ப்போம். மலாய்க்காரர்கள் இதை உலார் ருசுக் கெர்பாவ், எருமை விலாப் பாம்பு, என்று வழங்குகிறார்கள். உடலின் முன்பாதியில் நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடுகள் வால் நோக்கிச் செல்லச் செல்ல மங்கி மறைந்துவிடும். வளர்ந்த பாம்பு இரண்டு மீட்டர் வரையிலும் நீளும். இதனைப் பிழையின்றி இனங்காண உதவுவது தலையின் நிறமன்று. கண்ணிலிருந்து கதிர்போலப் புறப்படும் மூன்று கறுப்புக் கோடுகளே. அவற்றுள் இரண்டு உதட்டை நோக்கி இறங்குகின்றன. மூன்றாவது பின்னோக்கிச் சென்று, பிடரியில் குறுக்கே கிடக்கும் கறுப்பு வளையத்தைத் தொடுகிறது. 1827-இல் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டிய ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் போயே, செம்பை விட்டுவிட்டு இந்தக் கோடுகளைக் குறிக்கும் 'ரேடியேட்டஸ்' என்ற சொல்லைத் தேர்ந்தது அவருடைய கண்ணின் கூர்மைக்குச் சான்று என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவின் வடகிழக்கிலிருந்து தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதி வரை பரவியிருக்கும் இப்பாம்பு, மனிதன் காட்டைத் திருத்தி வயலும் தோட்டமுமாக ஆக்கிய இடங்களில் எலி பெருகுவதால், அங்கேயே தானும் விரும்பிக் குடியேறுகிறது. இதன் இரை பெரும்பாலும் எலிகளே; தவளை, ஓணான், பறவை ஆகியவற்றையும் விடுவதில்லை. எதிரி நெருங்கும்போது இது நடத்தும் காட்சியோ அசாதாரணமானது. உடலின் முன்பகுதியை வளைத்து உயர்த்தி, கழுத்தைப் பக்கவாட்டில் அன்றி மேலும் கீழுமாக உப்பவைத்து, வாயை அகலத் திறந்துகொண்டு, மீண்டும் மீண்டும் பாய்ந்து கொத்த வருகிறது. இத்தனை ஆர்ப்பாட்டமும் பலிக்காமற்போனால், சட்டென்று தளர்ந்து, வாய் திறந்தபடி வயிறு மேலாகப் புரண்டு, செத்ததுபோல் கிடந்துவிடுகிறது. கொல்ல வந்தவன் ஆர்வம் இழந்து விலகிய பிறகு, உயிர்பெற்று எழுந்து புல்லுக்குள் போய்விடும். உண்மையான ஆயுதம் இல்லாத பிராணிக்கே இவ்வளவு நாடகம் தேவைப்படுகிறது.

ஆயுதம் இல்லை என்றேன். அதை ஒரு திருத்தத்துடன் கொள்ள வேண்டும். 2003-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இப்பாம்பின் வாய்ச்சுரப்பியை ஆராய்ந்தபோது, நரம்பின் ஆணை தசையைச் சென்றடையாமல் தடுக்கும் புரதம் ஒன்றை அதில் கண்டெடுத்தார்கள். அப்புரதம் நல்ல பாம்பின் விஷத்தில் பிரதானமாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது! மனிதனுக்கு அதனால் தீங்கில்லை. அதைச் செலுத்துவதற்குரிய துளையுள்ள பற்களும் இப்பாம்புக்கு இல்லை. ஆனால் பாம்புகளை விஷமுள்ளவை, விஷமற்றவை என்று கோடு கிழித்து இரண்டாகப் பிரித்துவிடலாம் என்ற நம் எண்ணத்தை இந்தச் சிறு கண்டுபிடிப்பு அசைத்துவிட்டது. விஷம் ஒரே நாளில் தோன்றிய சிருஷ்டி அன்று என்பதும், அதன் மூலப்பொருள்கள் சாதுவான பாம்புகளின் உமிழ்நீரிலும் உறங்குகின்றன என்பதும் இதனால் விளங்குகின்றன.

அமெரிக்காவின் செம்புத்தலையன்

கைபேசி காட்டிய பாம்பு வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வாழ்வது. 1766-இல் சுவீடனின் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது, தூரதேசத்திலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு, இதனை மலைப்பாம்புகளோடு ஒத்த 'போவா' என்னும் தொகுதியில் சேர்த்துவிட்டார். உண்மையில் இது குழிவிரியன். கண்ணுக்கும் நாசித் துவாரத்துக்கும் இடையே, கன்னத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஆழ்ந்த குழியுடைய விரியன் வகைக்கே அப்பெயர் உரியது. அக்குழிக்குள் விரிந்திருக்கும் மெல்லிய சவ்வு, இருட்டில் வரும் எலியின் உடல் வெப்பத்தை உணர்ந்து அது இருக்கும் திசையைப் பாம்புக்குத் தெரிவிக்கிறது.

செம்பு நிறத் தலையும், நடுமுதுகில் குறுகி விலாவில் அகன்ற பட்டைகளும் கொண்ட இப்பாம்பு, உதிர்ந்த இலைகளின்மேல் அசையாமல் கிடந்தால் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. ஆகையால்தான் அமெரிக்காவில் விஷப்பாம்புக் கடிகளில் மிகுதியானவற்றுக்கு இதுவே காரணமாயிற்று. எனினும் அக்கடியால் மரணம் நேர்வது மிக அபூர்வம். முட்டையிடாமல் குட்டி ஈனும் இந்த இனத்தில், ஆண் சேர்க்கையின்றியே குட்டி ஈன்ற பெண் பாம்புகள் காட்டிலேயே உண்டென்று 2012-இல் மரபணுப் பரிசோதனையால் தெரியவந்தது.

கிலுகிலுப்பைப் பாம்பைப்போல வாலை ஒலித்து எச்சரிக்காமலே கடிப்பது என்ற அபவாதம் இப்பெயரை அரசியலுக்கும் கொண்டுபோயிற்று. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் தொடங்கிய 1861-ஆம் ஆண்டு முதலே, சமாதானம் கோரிய வடபகுதி ஜனநாயகக் கட்சியினரை எதிரிகள் 'காப்பர்ஹெட்' என்று தூற்றினார்கள். அவர்களில் சிலரோ, செப்புக் காசில் பொறித்த சுதந்திர தேவியின் தலையை வெட்டியெடுத்துச் சட்டையில் அணிந்து, வசையையே சின்னமாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் அமெரிக்கப் படையின் லேசர் வழிகாட்டும் பீரங்கிக் குண்டொன்றும் இதே பெயரைப் பெற்றது.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் டாஸ்மேனியா வரை உள்ள குளிர்ந்த சதுப்பு நிலங்களில் வாழும் மூன்று இனங்களையும் ஆங்கிலேயக் குடியேறிகள் இப்பெயரால் அழைத்தார்கள். இவை விரியன்கள் அல்ல. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் சேர்ந்த வம்சத்தைச் சேர்ந்தவை. இவற்றின் விஷம் நரம்புகளைத் தாக்குவது. தக்க சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. அங்கே செம்புத்தலையன் கடித்தவருக்கு டைகர் பாம்பின் விஷமுறிவு மருந்தைக் கொடுக்கிறார்கள். பாலிக் புலாவில் செம்புத்தலையன் கடித்தவருக்கோ காயத்தைக் கழுவுவதே போதுமானது.

பண்டிதர்களையும் மயக்கிய தலை

பாமரர்கள் நிறத்தைப் பார்த்து மயங்கினார்கள். சாஸ்திரப் பெயர் இருந்தால் குழப்பமே இராது என்று வாசகர் எண்ணக்கூடும். அமெரிக்கச் செம்புத்தலையனின் பேரினத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்கள் பொதுவாகத் தாங்கும் முதற்பெயர். 1896-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் பாம்புகளை எல்லாம் வரிசைப்படுத்திய புலாஞ்சே, அமெரிக்கச் செம்புத்தலையனுக்குரிய 'அன்சிஸ்ட்ரோடன்' என்னும் பேரினத்திலேயே ஆசியக் குழிவிரியன்கள் பலவற்றையும் சேர்த்தார். இலங்கையின் ரப்பர், தேயிலைத் தோட்டங்களிலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் உள்ள, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன் அதில் ஒன்று. இமயமலைக் குழிவிரியன் மற்றொன்று. கெடா, பெர்லிஸ், பினாங்கு முதலிய வட மலாயாப் பகுதிகளில் மலாய்க்காரர்கள் உலார் காபாக் போடோ என்று அழைக்கும் மலாயாக் குழிவிரியன் இன்னொன்று.

இவற்றை ஒன்றுசேர்த்த அடையாளம் உச்சந்தலையின் செதில்களே. மற்றக் குழிவிரியன்களில் பெரும்பாலானவற்றின் தலையில் சிறுசிறு செதில்கள் நெருங்கிக் கிடக்க, இவற்றின் தலையில் மட்டும் சாரைப்பாம்பின் தலையில் உள்ளதுபோலப் பெரிய தகடுகள் ஒழுங்காக அமைந்திருந்தன. ஆனால் பெரிய தகடு புதிதாகப் பெற்ற அணியன்று. ஆதி முன்னோரிடம் இருந்ததைச் சில கிளைகள் இழந்துவிட, வேறு சில கிளைகள் தனித்தனியே காத்து வந்தன, அவ்வளவுதான். காத்து வந்தவை எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. நிறத்தால் ஏமாந்த பாமரனும், தகட்டால் ஏமாந்த பண்டிதனும் பார்த்தது தலையைத்தான்.

பின்னர் எலும்பு, விஷம், மரபணு ஆகியவற்றைத் துருவி ஆராய்ந்தவர்கள் இந்தப் பெருங்குடும்பத்தைப் பிரித்தார்கள். இலங்கைப் பாம்பு 'ஹிப்னேல்' ஆயிற்று. மலாயாப் பாம்பு 'காலோசெலாஸ்மா' ஆயிற்று. இமயமலைப் பாம்பு, இவ்வாராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்கர் ஹோவர்ட் குளாய்டின் பெயரால் 'குளாய்டியஸ்' ஆயிற்று. அமெரிக்கச் செம்புத்தலையன் மட்டும், தன் கண்டத்துக் கூட்டாளிகள் சிலவற்றோடு, பழைய பேரினத்தில் எஞ்சி நிற்கிறது. மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது வெளிப்பட்ட உறவுமுறை இன்னும் ரசமானது. ஆசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே தரைவழி இருந்த யுகத்தில் அங்கே சென்ற குழிவிரியன்களின் சந்ததிக்கு ஆசியாவில் நெருங்கிய உறவாக நிற்பவற்றுள் இமயமலைப் பாம்பின் கூட்டம் ஒன்று. மலாயாப் பாம்புக்கோ மிக நெருங்கிய உறவு இலங்கைப் பாம்பே. பாலிக் புலாவிலிருந்து மலையைத் தாண்டிச் சென்றால் சுங்கை குளுவாங்கில் காணக்கூடிய புகழ்பெற்ற பாம்புக் கோயிலில், சாம்பிராணிப் புகைக்கிடையே கிளைகளில் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழிவிரியனும், அமெரிக்கப் பாம்பைவிட மலாயாப் பாம்புக்கு அதிக உறவுடையதே.

பினாங்கு மருத்துவமனையில் ஒரு கண்ணாடிக் குழாய்

மலாயாக் குழிவிரியனை அறிந்துகொள்ளாமல் இக்கதை நிறைவுறாது. ஒரு மீட்டருக்கு உட்பட்ட, தடித்த, செம்பழுப்பு நிறப் பாம்பு அது. முதுகின் இருபுறமும் கரிய முக்கோணங்கள். உதட்டில் சற்றே ரோஜா நிறம். அதன் சுபாவம் அசையாமை. ஆள் நெருங்கினாலும் ஓடாது. கடித்த பிறகும் அதே இடத்தில் கிடக்கும். விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போகிறவர் உலர்ந்த இலைகளுக்கிடையே இதை மிதித்துவிட நேர்வதில் வியப்பில்லை. மலாயாவில் கடிபட்டவர்களில் தோட்டப் பாட்டாளிகள் பலர் இருந்ததால், நம்மவர் பட்ட துன்பமும் இதில் அடங்கும்.

1950-களில் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் அலிஸ்டர் ரீட், முதலில் மீனவர்களைக் கடித்த கடற்பாம்புகளைப் பற்றியும், பிறகு இக்குழிவிரியனைப் பற்றியும், நோயாளியின் படுக்கையருகே நின்று பொறுமையாக ஆராய்ந்தவர். அவருடைய முயற்சியால் 1960-களின் தொடக்கத்தில் பினாங்கில் பாம்பு விஷ ஆராய்ச்சிக்கென ஒரு நிலையமும் ஏற்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட குழிவிரியன் கடிகளை ஆராய்ந்து அவரும் உள்ளூர் மருத்துவர்களும் 1963-இல் வெளியிட்ட கட்டுரைகளில், பாம்பின் பெயர் இன்னும் அமெரிக்கச் செம்புத்தலையனின் பேரினப் பெயரோடுதான் காணப்படுகிறது.

அவர் கண்ட காட்சியை நாமும் படிப்படியாகக் காண்போம். பாதத்தில் கடிபட்ட ஒருவரை அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் வீங்கியிருக்கிறது, துப்பும்போது எச்சிலில் ரத்தம் தெரிகிறது. மருத்துவர் கையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைக்கிறார். இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்துப் பார்க்கிறார். ஆரோக்கியமான ரத்தமாயின் உறைந்து கட்டியாக நின்றிருக்கும்; இவருடைய ரத்தம் தண்ணீர்போல ஓடுகிறது. நுண்கருவி எதுவும் வேண்டாத இந்தப் பரிசோதனையை, விலையுயர்ந்த வசதிகள் இல்லாத ஆசிய, ஆப்பிரிக்க மருத்துவமனைகள் இன்றளவும் விரியன் கடிக்கு உபயோகிக்கின்றன.

ரத்தம் ஏன் உறையவில்லை? ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை நார்முதல் என்று அழைப்போம். காயம் பட்டால் அதுவே நாராக மாறி, வலையாகப் பின்னி, ரத்தத்தைத் தடுக்கிறது. அவ்வாறு மாறுவதற்கு அதன் மூலக்கூறில் இருவகைச் சிறு துணுக்குகள் கத்தரிக்கப்பட வேண்டும். நம் உடலின் நொதி இரண்டையும் கத்தரிக்கிறது. பாம்பின் நொதி ஒருவகையை மட்டும் கத்தரித்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறது. இதனால் தோன்றும் நார், முறுக்கேறாத கயிறுபோல வலுவற்றது. உடலே அதை உடனுக்குடன் கரைத்து அப்புறப்படுத்திவிடுகிறது. இப்படியே நார்முதல் முழுவதும் வீணாய்ச் செலவழிந்துபோக, உறைவதற்கு ரத்தத்தில் பொருளே மிஞ்சுவதில்லை. விஷமுறிவு மருந்து கொடுக்காவிட்டால் இந்நிலை சில வாரங்கள்கூட நீடிக்கும் என்று ரீட் கண்டார்.

அவர் கண்ட இரண்டாவது உண்மை நம் கிராமங்களுக்கு மிகவும் வேண்டியது. கடிபட்டவர்களில் கணிசமானோர் உடலில் விஷம் சிறிதும் ஏறவில்லை, அல்லது மிகச் சொற்பமே ஏறியிருந்தது. ஏனெனில் பாம்பு எப்பொழுதும் தன் விஷம் முழுவதையும் செலுத்துவதில்லை. மந்திரித்தவரும், பச்சிலை அரைத்துக் கட்டியவரும், விஷக்கல் வைத்தவரும் பெற்ற கீர்த்தியின் பெரும்பகுதி இந்த விஷமேறாத கடிகளிலிருந்து வந்ததே. விஷம் ஏறிய மனிதருக்கு அந்தச் சிகிச்சையில் கழிந்த நேரம் திரும்பி வராது. இறுகக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும், ரத்தம் உறையாத நிலையில், துன்பத்தை இரட்டிப்பாக்கும். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இந்தப் பாம்புக்கென்றே விஷமுறிவு மருந்தைப் பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையம் தயாரிக்கிறது. இந்தியாவில் செய்யப்படும் மருந்தோ நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. குழிவிரியனுக்கு அதை நம்ப முடியாது. பாம்பின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வது எதற்கென்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்லுவேன். ஆனால் அதைப் பிடிக்கவோ அடிக்கவோ முயன்று இன்னொருவர் கடிபட வேண்டியதில்லை. எட்ட நின்று எடுத்த ஒரு கைபேசிப் படம் போதும்.

மூன்றாவது கண்டுபிடிப்பு எதிர்பாராத திசையில் சென்றது. ரத்தம் முற்றிலும் உறையாத நிலையிலும் நோயாளிகளில் பலர் பெருத்த ரத்தப்போக்கின்றி, படுக்கையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால், நாளங்களில் ரத்தம் கட்டிப்போய் அவதிப்படுகிறவர்களுக்கு இந்த நொதியை அளவாகக் கொடுத்தால் என்ன? 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் அதைத் தனியே பிரித்து, 'ஆர்வின்' என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்க்ராட் என்பது அதன் மருந்தியல் பெயர். மூளையில் ரத்தக்கட்டு ஏற்பட்டுப் பக்கவாதம் கண்டவர்களுக்கு அது பயன்படுமென 2000-இல் வெளியான ஒரு பரிசோதனை நம்பிக்கை அளித்தது. பின்வந்த பெரிய பரிசோதனைகளில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை.

அமெரிக்கச் செம்புத்தலையனின் விஷமும் ஆய்வுக்கூடம் புகுந்தது. அதிலுள்ள நொதி நார்முதலைச் செலவழிப்பதில்லை. ரத்தம் தேவைக்கு மிஞ்சி உறையாதபடி நம் உடல் வைத்திருக்கும் தடுப்புப் புரதம் ஒன்றை எழுப்பிவிடுகிறது. புரதம்-சி எனப்படும் அத்தடுப்பு பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இளவயதிலேயே நாளங்களில் ரத்தம் கட்டும். அவர்களைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைகளில் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் இந்தப் பாம்பின் நொதியை இன்று பயன்படுத்துகின்றன.